சிகரெட் டின்னில் வந்தது

மலம் எதில் வேண்டுமானாலும் வரும். சிரட்டையில் வந்தது. பால் டின்னில் வந்தது. மூங்கில் குழாயில் வந்தது, வாழையிலைப் பொட்டலத்தில் வந்தது. ஒருமுறை பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தில் மூடி போட்டு வந்தது. வெள்ளைக்காரத் துரை பங்களாவை விட்டு ஓடியபோது சமையற்காரர் எடுத்து வைத்துக்கொண்ட சர்க்கரைக் கிண்ணம் அது. நல்ல பாத்திரத்தில் கொடுத்தால் நல்ல முடிவு வரும் என்று நினைத்திருப்பார். ஆனால் பெரும்பாலும் வந்தது சிகரெட் டின்னில்தான். வட்டமான டின், அழுத்தி மூடுகிற மூடி. ஒழுகாது, இடுப்பில் கட்டினால் சூடும் ஆறாது.

அந்த மலைக்கு நான் வேலைக்குப் போகவில்லை, விருந்தாளியாகப் போனேன். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் பயிற்சியை முடித்திருந்தேன். உத்தியோகத்தில் சேர்வதற்கு முன் அக்காவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டார். அக்காவின் கணவர் பகாங்கில், கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். ஆபீஸ் எழுத்து வேலை.

அக்கா கடிதங்களில் எழுதியிருந்தவை எனக்கு மனப்பாடம். இது குட்டிச் சீமை. எந்நேரமும் குளிர். துரை பங்களாவில் ரோஜா. மலாய்க்காரர், சீனர், நம் ஜனம், காட்டு ஜனம் எல்லாரும் கலந்த ஊர். கடைசியாக, அப்பாவுக்காகவே எழுதிய வரி ஒன்று: இங்கே சாதி கீதி ஒன்றும் கிடையாது, கப்பல் ஏறும்போதே எல்லாரும் அதைக் கடலில் போட்டுவிட்டு வந்தாயிற்று.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் கண்டவை வேறு. சேலைக் கொசுவத்துக்குள் அட்டை. பூசணம் பிடித்த கம்பளி. காயாத துணி, மூன்றாம் நாளும் ஈரம், நான்காம் நாள் வாடை. இறாலை இடித்துப் புளிக்க வைத்த பெலாச்சான் என்ற கட்டியை அக்கா சட்டியில் வாட்டியபோது சுவருக்குள் எலி செத்தது போல வீடு நாறியது. அக்கா அதைக் கண்ணை மூடி முகர்ந்தாள். முனியாண்டி கோயிலில் சீனர்களின் சிவப்பு ஊதுவத்தி எரிந்தது, பக்கத்தில் அவர்கள் வைத்த ஆரஞ்சுப் பழம் அழுகிக்கொண்டிருந்தது. ரிங்லெட்டில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் காய்கறி கொண்டுவந்த சீனத்தியிடம் சீனத்தில் பேரம் பேசி, லாரிக்காரனை மலாயில் ஏசி, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஊர்லேர்ந்து புதுசா வந்த பொண்ணா? குளிருக்குக் காதை மூடிக்கமா" என்றார். எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்துதான் இருந்தது. அக்கா அதுவரை சொன்னது பொய்யில்லை. எனக்குத்தான் அந்தக் கலப்பு தொண்டையில் இறங்கவில்லை.

மலம் எனக்கு அருவருப்பான பொருள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். அது பயிற்சியில் போய்விடும். ஒரு துளி உப்புநீர், ஒரு குச்சி நுனியளவு மலம், மேலே மெல்லிய கண்ணாடி. அதற்குப் பிறகு அது பார்த்துப் பெயர் சொல்லவேண்டிய ஒன்று, அவ்வளவுதான். அந்த மலையில் எனக்குக் குமட்டியதெல்லாம் வேறு.

நான் ஊர் திரும்புவதற்குள் யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. துரை ஒருநாள் காலை காரில் நாயை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரும் அதே வாரம் போனார். ஆபீஸ் வாசலில் ஜப்பான் கொடி ஏறியது. அரிசி குறைந்தது, பிறகு கண்ணிலேயே படவில்லை. ஒரு மலை முழுக்கத் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். சோப்பு இல்லாமல் தலையில் பேன், காலில் புண், புண்ணில் ஈ. கொடியைத் தாண்டும்போதெல்லாம் குனியவேண்டும். அத்தான் வீட்டில் குனிந்து பழகினார். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு இடுப்பை மடிப்பார்.

"இன்னும் கொஞ்சம்ங்க. முதுகு நேரா இல்ல" என்று அக்கா அடுப்படியிலிருந்து திருத்துவாள்.

அப்படி ஒரு குனிதலின் முடிவில்தான் அத்தான் என்னை ஜப்பான்காரர்களிடம் ஒப்படைத்தார். தோட்டத்துக்கு மேலே, பட்டாளத்தார் ஓய்வெடுக்கும் பங்களா ஒன்று இருந்தது. அவர்களுக்குக் காய்கறி எங்கள் தோட்டத்திலிருந்து போயிற்று. அவர்களுக்குத் துப்பாக்கியைவிடப் பேதியிடம் பயம் அதிகம். காய்கறியைத் தொடுகிறவர்களின் மலத்தைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றதும், "என் மச்சினிச்சிக்குத் தெரியும், மாஸ்டர்" என்று அத்தான் மலாயில் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் அதைப் பெருமையாகவும் சொன்னார்.

டிரெசர் விட்டுப்போன அறை, அவர் மேசை, அவருடைய பித்தளை மைக்ராஸ்கோப் எல்லாம் எனக்கு வந்தன. மேலே இருந்து ஒரு பட்டாளத்து வைத்தியன் வருவான். டாக்டர் இல்லை, கட்டுப்போடுகிற வேலையிலிருந்து உயர்ந்தவன் என்று அவன் கையே சொன்னது. தலையில் வாசனைத் தைலம், கையில் வெள்ளை உறை. நான் சொல்வதை அவன் நம்பமாட்டான். ஒவ்வொரு கண்ணாடியிலும் தானே கண்ணை வைத்துப் பார்ப்பான். சீதபேதியை உண்டாக்கும் அமீபா உயிரோடு இருந்தால் மெல்ல நகரும். அந்த நகர்வைத்தான் அவனுக்குப் பார்க்கத் தெரியும். நகர்ந்தால் "சாக்கிட்!" என்று கத்திவிட்டுக் கையை மருந்துநீரில் முக்குவான். மலாயில் சாக்கிட் என்றால் நோய். அந்த மலையில் ஜப்பானியனும் தமிழனும் பேசிக்கொள்ள அது போன்ற சில சொற்கள்தான் இருந்தன.

அமீபாவுக்குக் குளிர் ஆகாது. உடம்புச் சூடு இருக்கும்வரை நகரும், ஆறினால் உருண்டு நின்றுவிடும். எனவே சூடு ஆறாமல் கொண்டுவரச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் தோட்டம் முழுக்கப் பரவியது. ஜனங்கள் டின்னை இடுப்பில் வைத்துக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் நடந்து வந்தார்கள். சிலர் வழியில் எங்கள் அடுப்படியில் எட்டிப் பார்த்து, "கிராணியம்மா, அடுப்போரமா கொஞ்ச நேரம் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கக்கூஸ் வாளிகளை எடுத்துக் கொட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை வாளிக்காரி என்பார்கள். அவளும் அவள் புருஷனும் மற்றக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் இல்லை. மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் அவர்களுக்கென்று ஒரு குடிசை. அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எட்ட நின்று கையில் ஊற்றுவார்கள். கடலில் போட்டதாக அக்கா எழுதியது அந்தக் குடிசை வாசலில் வந்து கரை ஒதுங்கியிருந்தது.

அவள் புருஷனுக்கு ரத்தபேதி வந்தது. அவள் டின்னைக் கொண்டுவந்தபோது நானும் அதைத் தரையில் வைக்கச் சொல்லித்தான் எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால், பாடப் புத்தகத்துப் படத்தைவிடத் தெளிவாக, சிவப்பணுக்களை விழுங்கிக்கொண்டு அமீபாக்கள் ஊர்ந்தன. பட்டாளத்து வைத்தியன் பார்த்தான், துள்ளிப் பின்வாங்கினான். சாக்கிட்.

அந்த வாரம்தான் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. அங்கே காட்டில் ரயில் ரோடு போட லாரி லாரியாக ஆண்களை அனுப்பவேண்டும். கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து முன்பே போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் திரும்பி வரவில்லை. அதுவே போதுமான செய்தியாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஆள் பொறுக்கிக் கொடுக்கவேண்டியவர் கங்காணி. பேதி உள்ளவனை லாரியில் ஏற்றக்கூடாது, ஒருவன் போதும் லாரி முழுக்கப் பரவிவிடும் என்று பட்டாளத்து வைத்தியன் சொல்லியிருந்தான். வாளிக்காரி புருஷனின் பெயரைத்தான் பட்டியலிலிருந்து முதலில் அடித்தார்கள். அத்தான் இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது.

காலையில் நோயாளியைப் பார்க்க அந்தக் குடிசைக்குப் போனேன். வாசலில் கூட்டம். அந்த வாசலை மிதித்தே இராத கால்கள். எல்லார் கையிலும் டின்.

"யோவ், வரிசையில வாயா. நான் சாமத்துலேர்ந்து நிக்கறேன்."

"என் டின்னு சின்னதுமா. ஒரு கரண்டி இருந்தாப் போதும்லா."

"ரத்தம் உள்ளதாப் பார்த்துப் போடு. முன்னால வந்தவருக்குத் தண்ணியாக் குடுத்துட்ட."

வாளிக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். "இருங்க, இருங்க. மனுசன் இப்பத்தான் ஒரு வாட்டி போயிருக்காரு. அவரு என்ன பசு மாடா, நெனச்சப்பல்லாம் கறக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே கிடந்த மனிதரும் பலவீனமாகச் சிரித்தது எனக்குக் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கங்காணியின் மனைவி முன்னால் வந்தாள். மூக்கில் முந்தானை. அவளுடைய ஒரே மகனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

"தங்கச்சி, எம் புள்ளைக்கு ஒரு கொஞ்சம். உன் கையாலயே போட்டுக் குடும்மா" என்றாள்.

வாளிக்காரி அவளுக்கு வரிசை பார்க்கவில்லை. டின்னை வாங்கிப் போய் நிரப்பி, மூடியை அழுத்தி, வெளிப்புறத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துக் கொடுத்தாள். யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. பிறகு என் பின்னாலேயே நடந்து வந்தாள். "கேட்டீங்களா சின்னம்மா? கங்காணியம்மா என்னைத் தங்கச்சிங்கறாங்க." அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ரிங்லெட் கடைக்காரர் அக்காவிடம் கேட்டாராம்: "என்ன கிராணியம்மா, தோட்டத்துல உள்ள அம்புட்டுப் பேரும் மூடி போட்ட டின்னுதான் வேணுங்கறாங்க? ஊறுகா போடறீங்களா?"

ஒரே மனிதரின் மலத்தைப் பல பெயர்களில் நான் பார்த்தேன். கங்காணி மகனுடைய பெயரில், சமையற்காரர் பெயரில், சுமை தூக்குகிற அண்ணன் தம்பி பெயரில். பட்டாளத்து வைத்தியன் ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்தான், ஒவ்வொரு தடவையும் கத்தினான். கடைசியில் வெளியே போய்க் கங்காணியைக் கன்னத்தில் அறைந்தான். தோட்டத்தை இப்படிக் கெடவிட்டதற்காக. லாரி பாதிகூட நிறையாமல் கிளம்பியது. எங்களிடம் குறைந்தது வேறு தோட்டத்தில் நிறைந்திருக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

கோயிலில் உடுக்கை அடிக்கிறவர் மட்டும் அந்தக் குடிசைக்குப் போகவில்லை. தன்னுடையதையே கொண்டுவந்தார், சுத்தமானது. "அவன் வீட்டுதை இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கறதுக்குச் சயாமே மேலு" என்று என்னிடம் சொன்னார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். அவர் திரும்பவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைப் பார்த்து எனக்குக் குமட்டியது, கட்டிக்கொள்ளாமல் போனவரை நினைத்தும் குமட்டியது. இவற்றில் எது அதிகம் என்று அந்த நாட்களில் நான் அடிக்கடி தரம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரிக்க முடிந்ததில்லை.

டிரெசரின் அலமாரியில் எமட்டின் ஊசிமருந்து கொஞ்சம் இருந்தது. சீதபேதிக்கு அதுதான் மருந்து. உண்மையான நோயாளி ஒருவர்தான் என்பதால் அவருக்குப் போட்டேன். அவர் எலும்பாகிக் கிடந்தார், போடாவிட்டால் செத்திருப்பார். ஊசி வேலை செய்தது. ரத்தம் நின்றது, கஞ்சி தங்கியது, சில வாரங்களில் எழுந்து நடந்தார்.

அதற்குள் கங்காணி மகனுக்கு நிஜமாகவே நோய் வந்துவிட்டது. இடுப்பில் கட்டிய டின், மூடியைத் திறந்த விரல், கழுவச் சோப்பு இல்லாத கை, அதே கையில் மரவள்ளிக் கிழங்கு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊசி மீதமிருக்கிறது, போடுகிறேன் என்று கங்காணியிடம் சொன்னேன்.

"அவசரப்படாதீங்கமா" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "அடுத்த லாரி வருதுன்னு பேச்சு. அது போகட்டும். அப்புறம் போடுங்க."

லாரி வருவது உறுதியானது. மறுபடி எல்லாரும் சோதனைக்கு வரவேண்டும், பழைய முடிவு செல்லாது என்றான் பட்டாளத்து வைத்தியன். வாளிக்காரி ஒரு நாள் முன்னதாகவே டின்னைக் கொண்டுவந்தாள்.

"நல்லாப் பாருங்க சின்னம்மா."

"பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

"ஒரே ஒண்ணாவது இருக்காதா?"

"இல்ல."

"எல்லாத்தையும் ஊசி போட்டுக் கொன்னுட்டீங்களே" என்றாள். அது குற்றச்சாட்டு இல்லை, வருத்தம். படுக்கையிலிருந்து எழுந்தே அதிக நாளாகாத மனிதர். சயாம் வரை போய்ச் சேரவே மாட்டார். அது அவளுக்கும் தெரியும். டின்னை எடுத்து மூடியை அழுத்தினாள். பிறகு, "கங்காணி வீட்டுத் தம்பிக்கு இப்ப இருக்குல்ல? அவங்ககிட்டக் கேட்டுப் பாக்கறேன். நீங்களும் கூட வாங்க சின்னம்மா, மரியாதையா இருக்கும்" என்றாள்.

போனேன். கங்காணி வீட்டுப் பின்வாசல். கங்காணி பலகையில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாளிக்காரி எட்ட நின்று டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் கேட்கும்போது நிற்பது போலவே நின்றாள்.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடுக்கறதுக்கென்ன? ஆனா ஆளாளுக்கு சாக்கிட்டுன்னா சப்பான்காரன் நம்புவானா? போன தடவையே என் கன்னம்தான் வீங்கிச்சு." நியாயம் போலத்தான் ஒலித்தது.

அவர் மனைவி அதோடு விடவில்லை. "அதெல்லாம் இல்ல. எம் புள்ளையோடதை எடுத்து, இது தோட்டியோடதுன்னு வைப்பாங்களா? நாளைக்கு லயத்துல என்ன பேச்சு வரும்? நாங்களும் அவனும் ஒரே வயிறுன்னு ஆயிடாது?"

"நீங்க அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே" என்றேன்.

"வாங்கினது உசுருக்கு."

"அவளும் உசுருக்குத்தான் கேக்கறா. உங்க பையனுக்கு இப்ப இருக்கறதே அவ வீட்டு நோய்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ வீட்டுத் தீட்டு!" என்று கீரைக் காம்பை வீசினாள். பிறகு என்னைத் தாண்டி, "ஏய், எதுக்கு நிக்கற? போ" என்றாள். தங்கச்சி போயிருந்தது.

திரும்பி நடக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. "அவங்க வீட்டு வாளியைத் தினம் நீதானே எடுக்கற? எதுக்குப் போய்க் கேட்ட?"

அவள் நின்றுவிட்டாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அவங்க எங்கிட்டக் கேட்டுத்தானே வாங்கினாங்க சின்னம்மா? நானும் கேட்டு வாங்கறதுதான் மொறைன்னு நெனச்சிட்டேன்."

மறுநாள் காலை அவள் போனபோது கங்காணி வீட்டு வாளி காய்ந்து கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டியிருந்தார்கள். கங்காணியின் மனைவி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் காவல் நின்றாள். மகன் ஒவ்வொரு முறை போனதும் உடனே மண்ணைத் தள்ளி மூடினாள். எத்தனையோ நாற்றங்களுக்கு நடுவில் வேலை பார்த்தவள் நான். அந்தக் காட்சியை வாளிக்காரி சொல்லக் கேட்டபோதுதான் முதல்முறையாக வெளியே ஓடி, தேயிலைச் செடி ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

அவர்கள் மூடி வைக்க முடியாதது ஒன்று இருந்தது. சோதனைக்கென்று கங்காணி தன் கையாலேயே கொண்டுவந்து என் மேசையில் வைக்கவேண்டிய டின்.

கொண்டுவந்தார், கம்பளிக்குள்ளிருந்து எடுத்து. பக்கத்தில் வாளிக்காரி புருஷனின் டின், சுத்தமானது. மற்றவர்களுடையதைப் பட்டாளத்து வைத்தியன் காலையிலேயே பார்த்து முடித்திருந்தான். கங்காணி வெளியே போனதும் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து மேலே பங்களாவிலிருந்து ஆள் வந்தது. மாஸ்டர் சாப்பிடுகிறார், பிறகுதான் வருவார், காத்திரு.

மலையில் அன்று பனி இறங்கியிருந்தது. கண்ணாடி ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டியது போல இருந்தது. விளக்கில் எண்ணெய் இல்லை. அடுப்புச் சூட்டுக்காக வீட்டுக்குப் போகலாம் என்றால் அறையைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது, கங்காணி வாசலில்தான் நிற்கிறார். மேசை மேல் கையை வைத்தேன், கல்லாகக் குளிர்ந்தது. டின்னைத் தொட்டேன். ஆறத் தொடங்கியிருந்தது. ஆறினால் அமீபா உருண்டுவிடும். அவன் கண்ணை வைத்துப் பார்ப்பான், எதுவும் நகராது. கங்காணி மகன், வாளிக்காரி புருஷன் இரண்டு பேரும் லாரியில்.

டின்னை எடுத்து என் இடுப்பில், சேலைக்கு உள்ளே, வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டேன். மேலே சால்வையைப் போர்த்தினேன். தகரத்தின் விளிம்பு அழுத்தியது. முதலில் சில்லென்று இருந்தது, பிறகு என் சூட்டுக்கு வந்தது. அப்படியே நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தேன். அந்த ஜனங்கள் பனியில் நடந்து வந்ததை நினைத்து நான் எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறேன் என்பதை நினைத்துக்கொண்டேனா என்றால் இல்லை. மூடி கசியாமல் இருக்கவேண்டும் என்பதை மட்டும் நினைத்தேன்.

அவன் பல்லைக் குத்திக்கொண்டு வந்தான். வாசலில் அவன் உறைகளை மாட்டும் நேரத்தில் திரும்பி நின்று டின்னை எடுத்து, இரண்டு கண்ணாடியிலும் அந்த ஒன்றிலிருந்தே தொட்டு வைத்தேன். கங்காணி மகன் பெயரில் இருந்த கண்ணாடியை நான் வைத்ததும் அவன் குனிந்தான். "சாக்கிட்." அடுத்ததை வைத்தேன். இந்த முறை அதிக நேரம் பார்த்தான். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பிப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி குனிந்தான். உள்ளே ஏதோ நகர்ந்திருக்கவேண்டும்.

"சாக்கிட்!" என்று கத்திவிட்டு மருந்துநீரில் கையை முக்கினான், உறையோடு.

லாரி அன்று மாலை போனது. இரண்டு பேரும் அதில் இல்லை.

வாளிக்காரி புருஷனுக்கு மறுபடி நோய் என்று லயத்தில் கேள்விப்பட்டதும் கங்காணியின் மனைவிக்குக் கணக்கு விளங்கிவிட்டது. எங்கள் வாசலுக்கே வந்தாள். "எம் புள்ளையோடதை எடுத்து அவனுக்கு வச்சியா?"

"ஆமா."

"படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது? எங்களைக் கேக்க வேணாம்?"

"கேட்டோமே."

வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். மகன் பிழைத்துப் படுத்திருந்தது அவள் கோபத்தை ஒரு சொட்டும் குறைக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டு தனியாக, அடுப்படி மூலையில் இருந்தது.

"நோய் பயம்தான்டி, வேறெதுவும் நெனச்சுக்காதே" என்றாள் அக்கா என் முகத்தைப் பார்க்காமல்.

எத்தனையோ மாதங்களாக மலம் தொட்ட கையோடுதான் அந்த மேசையில் வந்து உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் தட்டு அவர்களுடைய தட்டுகளோடுதான் இருந்தது. அத்தான் கிழங்கை மென்றுகொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டை நானே கழுவி, அந்த மூலையிலேயே கவிழ்த்து வைத்தேன்.

கங்காணி மகனுக்கு ஊசி போட மறுநாளே அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மருந்து இருக்கிறதா என்று மூன்று ஆளை விட்டுக் கேட்டார்கள். ஊசிக்குழாய் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அவர்கள் அடுப்பில் வைத்துக் கொதிக்க வைத்தேன். அம்மாக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவனுக்குப் போட்ட அதே ஊசியா?"

"அதேதான்."

மகன் படுக்கையிலிருந்து, "அம்மா, சும்மா இருக்கமாட்ட நீ?" என்றான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வெளியே வரும்போது மஞ்சள் தண்ணீர் கரைக்கிற சத்தம் கேட்டது.

குழியை மூடிவிட்டார்கள் என்று வாளிக்காரிதான் வந்து சொன்னாள். மழைக்கு நாறியதாம், கங்காணியே மூடச் சொன்னாராம். "இன்னிக்கு வாளி வச்சிட்டாங்க சின்னம்மா."

"தங்கச்சின்னு கூப்பிட்டாங்களா?"

"இல்ல. ஏய்ன்னாங்க." சிரித்தாள். "அதுவும் கதவுக்குப் பின்னாலேர்ந்து."

அவள் புருஷன் பாதையில் நின்றுகொண்டிருந்தார், தோளில் கழி, இரண்டு முனையிலும் வாளி. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் நின்றார். கங்காணி வீட்டு வாளியும் அதில் ஒன்று. ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர் மரவள்ளி மேட்டைத் தாண்டி மறையும்வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.